போட்டி தோட்டத்து வாசலோடு நின்றுவிடலாமா?

நமது தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கே போனால், பத்துப் பதினைந்து பேர் கைத்தொலைபேசியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். ஒருவர் சம்பளம் பாங்கியில் விழுந்துவிட்டதா என்று பார்க்க வந்தவர். ஒரு தாய், ஆசிரியர் அனுப்பிய வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொள்ள மகளை அழைத்து வந்தவர். இன்னொருவர் தமது சேமநிதிக் கணக்கைப் பார்க்க வந்தவர். மழை பிடித்துக்கொண்டால் எல்லாரும் வந்த வழியே வீடு திரும்ப வேண்டியதுதான்.

ஆபீசில் மட்டும் நிர்வாகம் தன் செலவில் இணையத் தொடர்பு வைத்திருக்கிறது. ஆகவே வயதில் மூத்தவர்கள் வேலை முடிந்ததும் ஆபீஸ் சன்னலண்டை வந்து, "கிராணியாரே, என் சேமநிதியைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். ரகசிய எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். முதலாளி ஒழுங்காகப் பணம் கட்டினாரா என்பதை முதலாளியின் ஆபீசிலேயே வந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை! கிராணி வேலை பார்க்கும் நமக்கே இது வெட்கமாக இருக்கிறது.

இதைப்பற்றி முறையிட்டால் ஒரே பதில்தான் வருகிறது: "இப்போது பல கம்பெனிகள் போட்டி போடுகின்றன. பிடித்ததை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்." போட்டி நல்லது என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் போட்டி தானாக முளைத்து வருவதா, சட்டம் வழி திறந்துவிட்டால் வருவதா என்பதைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்துக் கடையை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்கு ஒரே சாலை. அந்தச் சாலை கடைக்காரர் கையில் என்று வைத்துக்கொள்வோம். வெளியே நூறு கடைகள் இருந்தும் நமக்கு என்ன பயன்? இன்னொரு வியாபாரியின் லோரி உள்ளே வர, கடைக்காரர் கேட்கும் வாடகை மலையளவாக இருந்தால், அரிசி விலை ஒரு காசும் இறங்காது. சாலைக்கு நியாயமான வாடகையை நிர்ணயித்து, எல்லா லோரிகளையும் விடச் செய்தால்தான் விலை இறங்கும். தொலைபேசிக் கம்பியின் கதையும் இதுவே.

நம் நாட்டில் தொலைபேசி முன்பு அரசாங்க இலாகாவாக இருந்தது. 1987-ல் அது கம்பெனியாக்கப்பட்டது. 1990-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. பிறகு பல கம்பெனிகளுக்கு லைசென்சு கொடுக்கப்பட்டது. ஆனால் வீடுகளுக்குப் போகும் கம்பியில் பெரும்பகுதி டெலிகோம் மலேசியாவிடமே இருந்தது. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் இதற்காகவே ஓர் ஆணையத்தின் கையில் அதிகாரத்தைக் கொடுத்தது. போட்டியைக் கெடுக்கும் செயல்களைத் தடுப்பதும் கம்பி வாடகையை நிர்ணயிப்பதும் அதன் கடமை. 2010-ல் வந்த பொதுப் போட்டிச் சட்டமும் இத்துறையை அந்த ஆணையத்திடமே விட்டுவிட்டது.

அந்த அதிகாரம் வேலை செய்ததை நாமே கண்டோம். ஒரு கம்பெனி மற்றொன்றிடம் வாங்கக்கூடிய கம்பி வாடகைக்கு 2017 டிசம்பரில் ஆணையம் வரம்பு கட்டியது. மறு ஆண்டு, கட்டணம் நான்கில் ஒரு பங்காவது இறங்கும் என்று அமைச்சர் கோபிந்த் சிங் டியோ அறிவித்தார். ஆண்டு முடிவதற்குள் இறங்கவும் செய்தது. நூறு மெகாபிட் வேகம் மாதம் 129 வெள்ளிக்குக் கிடைத்தது. கம்பெனிகளுக்குத் திடீரென்று தயாள குணம் வந்துவிட்டதா? இல்லை. வாசல் திறக்கப்பட்டது, அவ்வளவுதான்.

ஆனால் யாருக்கு இறங்கியது? புதிய ஃபைபர் கம்பி போன இடங்களுக்கு. பழைய செப்புக் கம்பியில் ஸ்ட்ரீமிக்ஸ் வைத்திருந்தவர்கள், மெதுவான வேகத்துக்கு நகரத்தாரைவிட அதிகப் பணம் கட்டினார்கள். அவர்கள் பலமாகக் குரல் எழுப்பிய பிறகே 2019-ல் அந்தக் கட்டணமும் குறைந்தது. கம்பியே போகாத லயங்களுக்கோ இறக்க ஒரு விலையும் இல்லை. 2023-ல் குறைந்த வருமானத்தாருக்கென்று மாதம் 69 வெள்ளிக்கு ஒரு திட்டம் வந்தது. நல்ல திட்டந்தான். ஆனால் வீட்டுக்குக் கம்பி வந்தால்தானே அதில் சேர முடியும்?

ஐந்தாம் தலைமுறைச் சேவையிலும் இதே கேள்விதான். 2021-ல் அரசாங்கம் டிஜிட்டல் நேஷனல் என்ற ஒரே நிறுவனத்தை ஏற்படுத்தியது. மக்கள் வாழும் இடங்களில் 80 விழுக்காட்டை எட்டியபின் இரண்டாவது கட்டமைப்புக்கு இடமளிப்பதாக 2023 மே மாதத்தில் சொன்னது. 2024 நவம்பரில் யூ மொபைல் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒன்றா, இரண்டா என்று கோலாலம்பூரில் பலத்த வாதம் நடந்தது. நாம் கேட்பது சிறிய கேள்வி: அந்த 80-க்குள் நமது லயம் உண்டா?

"முப்பது வீட்டுக்காகக் கோபுரம் கட்டினால் கட்டுப்படியாகாது" என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். இதை நாம் மறுக்கவில்லை. இலாபம் இல்லாத இடத்தில் போட்டியும் இல்லை. இதற்காகத்தான் சட்டம் ஒரு பொது நிதியை வைத்திருக்கிறது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் வருமானமுள்ள லைசென்சு கம்பெனிகள், கணக்கிடப்பட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அந்த நிதிக்குக் கட்ட வேண்டும். சேவை குறைந்த இடங்களுக்குத் தொடர்பு கொடுக்கவே அந்தப் பணம். ஆக, நாம் தர்மம் கேட்கவில்லை. நமக்காக என்று சட்டம் எடுத்துவைத்த பங்கைக் கேட்கிறோம்.

இன்னொரு தடையும் உண்டு. தோட்டம் தனியார் நிலம். கம்பம் நடவும் கோபுரம் எழுப்பவும் நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம், லயத்துக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கொடுக்கும் கடமையை முதலாளிமீது சுமத்தியது. அதற்கு முன் அவற்றையும் ஆடம்பரம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இன்று சம்பளமும் சேமநிதியும் பள்ளிக்கூடத்துச் செய்தியும் இணையத்தில் வரும்போது, அந்தப் பட்டியலில் இதுவும் சேர வேண்டாமா?

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, தோட்டம் தோட்டமாக, லயம் லயமாக எங்கே சேவை உண்டு, எங்கே இல்லை என்று ஆணையம் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். மாநிலச் சராசரி நமக்கு வேண்டாம். இரண்டாவது, பொது நிதியில் தோட்டத்துக்கு வரும் கம்பி ஒரே கம்பெனியின் சொத்தாகிவிடாமல், நிர்ணயித்த வாடகையில் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஃபைபர் கம்பியை வைத்திருக்கும் நெட்லிங்க், வீட்டாருக்கு நேரடியாக விற்பதில்லை. கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. மூன்றாவது, லயத்துக்கு வரும் தொடர்பை நிர்வாகம் தடுக்க முடியாதபடி வீட்டு வசதிச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

கேட்பதற்கு முன் நம் கையில் கணக்கு இருக்க வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு லயத்திலும் எந்தக் கம்பெனியின் சேவை கிடைக்கிறது, எத்தனை மணிக்கு அறுந்துபோகிறது, மாதம் என்ன கட்டணம் என்று எழுதிக் கொண்டுவாருங்கள். எழுத முடியாதவர்களுக்குக் கிராணிமார் எழுதிக் கொடுக்க வேண்டும். வெட்டுத் தொழிலாளி வேறு, ஆபீஸ்காரர் வேறு என்ற எண்ணம் இதில் உதவாது. சங்கம் அந்தக் கணக்கைத் தொகுத்து ஆணையத்துக்கு அனுப்பட்டும்.

தமது சேமநிதிக் கணக்கை ஒரு தொழிலாளி தமது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தாமே பார்க்கும் நாள் வரட்டும். அதுவரை அந்த மேட்டின்மீது நிற்பவர்களை மறந்துவிட்டுப் போட்டி வந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.