விளையாட்டை வீணென்பார்க்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை அளந்தவர் பலர். போர்த்துக்கேயர் அளந்தனர், ஒல்லாந்தர் அளந்தனர், ஆங்கிலேயர் அளந்ததோடமையாது சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளையும் எழுப்பினர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இங்கு குண்டு பொழிந்ததும் அந்த ஆழத்தின் பொருட்டே. இன்றும் அத் தாங்கிகளின் கணக்கைத் தலைகீழாக ஒப்புவிக்கக் கூடியோர் கொழும்பிலும் உளர், டில்லியிலும் உளர். இக் குடாக்களின் கரையில் வளரும் சிறுவரின் உள்ளத்து ஆழத்துக்கு நூல் விட்டுப் பார்த்தோர் எத்தனை பேர்?

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. 2006 ஜனவரி 2இல் நகரத்துக் கடற்கரையிலே ஐந்து மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் சம்பூர்ப் பகுதியிற் குண்டுகள் விழுந்தன. ஓகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர் கொலையுண்டனர். சம்பூர் மக்களிற் பலர் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் முகாம்களிலே கிடந்தனர். அன்று ஆறு வயதுக் குழந்தையாயிருந்தவள் இன்று தன் குழந்தையைப் பாடசாலைக்கு அழைத்து வருகிறாள்.

“பிள்ளைகள்தானே, மறந்துவிடுவார்கள்” என்று கூறுவோர் உளர். இதனினும் சௌகரியமான பொய் வேறில்லை. வளர்ந்தவன் தன் துயரத்தைச் சொல்லாற் கூறுகிறான். பிள்ளைக்கு அச் சொல் இன்னும் வாய்க்கவில்லை. அது மணலிலே வீடு கட்டுகிறது, இடிக்கிறது, மீண்டும் கட்டுகிறது. சிரட்டையைத் தோணியாக்கிக் கவிழ்க்கிறது. நூறுமுறை கவிழ்த்தபின் ஒருநாள், கவிழ்ந்த தோணியிலிருந்து ஒருவனைக் கரையேற்றுகிறது. அந்த ஒருநாள் எத்தகையது என்பதை உணராதவர் சிறுவரைப் பற்றிப் பேச உரிமையற்றவர் என்றே நாம் கூறுவோம். தன்மீது வந்து விழுந்த ஒன்றைப் பிள்ளை அங்கே தன் கையால் நடத்துகிறது. அகப்பட்டுக்கொண்டவன் இயற்றுபவனாகிறான். “இது நான் செய்தது” என்ற எண்ணம் பிறக்கும் இடத்திலேதான் “நான்” என்ற உணர்வும் வேர்கொள்கிறது.

இது கவிஞர் கற்பனையன்று. தாய் வெளியே போனதும் நூற்கட்டையை எறிந்து மீட்டெடுத்து விளையாடிய தன் பேரனைப் பற்றி பிராய்ட் 1920இலேயே எழுதினார். விளையாட்டுச் சிகிச்சையை ஒரு முறைமையாக வகுத்து வேர்ஜீனியா அக்ஸ்லைன் 1947இல் நூல் எழுதினார். அம் முறையின் சாரம் எளியது. பிள்ளை வழிநடத்தும், பெரியவர் பின்செல்வார். அவசரப்படுத்தக் கூடாது, புகழ்ந்தோ இகழ்ந்தோ திருப்பக் கூடாது. பிறரைத் தாக்கலாகாது, நேரம் முடிந்தால் நிறுத்தவேண்டும் என்பன போன்ற சில எல்லைகள் மட்டும் போதும். மந்தபுத்தியுடையவன் என்று ஐயுறப்பட்ட ஐந்து வயதுச் சிறுவனொருவன் இவ்வாறு தன்னைத் தானே கண்டெடுத்த கதையை 1964இல் ‘டிப்ஸ்’ என்ற நூலாக அவர் வெளியிட்டார். நம் ஆசிரியர்கள் படிக்க வேண்டிய நூல் அது.

“மேல்நாட்டுச் சரக்கு” என்று கைகழுவுவோர் சற்றுத் தெற்கே மட்டக்களப்பை நோக்கட்டும். போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, 1996இல், அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா பிறந்தது. போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் உள்ளூர் இளைஞரும் கூடி அதனை நடத்தினர். களிமண், வண்ணம், கதை, செடிகொடி, விலங்குகள் இவையே மருந்து. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே களிமண்ணைப் பிசைந்தனர். பெற்றோர் ஒருவரையொருவர் அஞ்சியிருந்த காலம் அது. கிளித்தட்டும் மண்சோறும் எந்த நாட்டுச் சரக்கு என்பதையும் அவர்களே கூறட்டும்.

இனி மற்றொரு கூட்டத்தார். ஆழிப்பேரலைக்குப் பின் பொம்மைப் பெட்டியுடன் வந்திறங்கி, ஒருநாள் பிள்ளைகளைக் கிண்டிக் கேட்டு, படம் பிடித்துக்கொண்டு விமானமேறியோர். திறந்த புண்ணை மூடாமற் போவது வைத்தியமா? நெருக்கடிக்கால உளநலம் பற்றி நிறுவனங்களிடை நிலைக்குழு 2007இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டியே, நடந்ததைக் கிளறும் ஒருநாள் உரையாடல்கள் கூடாதென்கிறது. பிள்ளைக்கு வேண்டுவது பொம்மையன்று. அடுத்த வாரமும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே முகத்துடன் வந்து அமரும் ஒரு மனிதர்.

ஆசிரியத் தோழர்களே, அடுத்த கேள்வி நம்மை நோக்கியது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்னும் பேய்க்குப் பத்து வயதுப் பிள்ளைகளின் மாலைப்பொழுதுகளை நேர்ந்துவிட்டவர் யார்? டச்சுக் குடாவின் மணல் அங்கேயே இருக்கிறது. பிள்ளையோ ரியூஷன் கொட்டகையில் இருக்கிறது. விளையாட்டு சிறுவரின் உரிமை என்று கூறும் 31ஆம் உறுப்புரை உட்பட, சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அந்த ஏட்டை நேரசூசி வகுப்போர் ஒருமுறையேனும் புரட்டியதுண்டா?

மணற்பெட்டி காணியை மீட்டுத் தராது, கொன்றவரைக் கூண்டிலேற்றாது. அவற்றுக்கான போராட்டம் வேறு. அதை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு வண்ணம் கொடுத்தாற் போதும் என்போருடன் நாம் சேரோம். ஆயினும் நீதி வரும்வரை பிள்ளை வளராமற் காத்திருக்குமா?

ஆகவே நாம் கேட்பது அதிகமன்று. துறைமுகத்தைச் சூழ்ந்த ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் அறை, மணல், களிமண், தண்ணீர். பிள்ளையின் மொழியிலேயே பேசும், முறையாகப் பயின்ற உளவளத்துணை ஆசிரியர் ஒருவர். வாரத்தில் ஒரு மணி நேரம். அந்த மணிக்குப் பரீட்சை இல்லை, புள்ளி இல்லை. இதற்குப் பணமில்லை என்று வலயக் கல்வி அலுவலகம் பதில் எழுதுமானால், அப்பதிலைக் கையொப்பத்துடன் எழுதித் தரட்டும்.