செல்வத்திற்கும் குறை உண்டா?

"பணம் பத்தும் செய்யும்" என்பர் நம் பெரியோர். மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் பணமின்றித் தவிக்கும் வீடுகளை நாம் அறிவோம். எனவே செல்வம் தீது என்று கூற நாம் முன்வரவில்லை. ஆயினும் அதற்கும் ஒரு குறை உண்டு. அதை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.

நம் சென்னிமலைக்கு அருகே, நொய்யலாற்றின் குறுக்கே, ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. உழவருக்கு நீர் தர எழுந்த அணை அது. ஆனால் மேற்கே திருப்பூரில் பனியன் தொழில் செழிக்கச் செழிக்க, சாயப்பட்டறைகளின் கழிவுநீர் ஆற்றில் கலந்து அணையில் வந்து தேங்கியது. உப்பேறிய நீரால் வயல்களும் கிணறுகளும் கெட்டன. கழிவுநீரை வெளியே விடாத நிலை வரும்வரை பட்டறைகளை மூடும்படி 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

அத்தொழிலால் வாழ்ந்த குடும்பங்களும் பல. நம்மில் சிலர் வீட்டு அடுப்பும் அதனால்தான் எரிந்தது. கடல் கடந்து அவ்வாடைகளை அணிந்தவர்களோ இந்த ஆற்றைக் கண்டதே இல்லை. இலாபம் ஓரிடம், நட்டம் வேறிடம்! செல்வத்தின் உண்மையான குறை இதுவே: தன் விலையைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு, அதைப் பாராமலிருக்க நம்மைப் பழக்கிவிடுகிறது. விவிலியம் கூறும் செல்வனும், தன் வாசலில் கிடந்த இலாசரைப் பாராமல்தானே கெட்டான்?

அன்புத் தோழியரே! நன்கு படிப்போம், பொருளும் ஈட்டுவோம். ஆனால் நம் வாய்க்காலின் கடைமடையில் இருப்பவர் யாரென்று பார்த்து ஈட்டுவோம்.