சிவகாசி மருந்தும் விருதுநகர் மருத்துவமும்

சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுப்பது. மற்றொன்று பட்டாசு ஆலையில் கலப்பது. இந்த இரண்டாவது மருந்து வெடிக்கும்போதுதான் நாம் அந்த ஊரைப் பற்றிப் பேசுகிறோம். 2012-இல் முதலிப்பட்டி, 2021-இல் அச்சங்குளம், 2025-இல் சின்னக்காமன்பட்டி. இரங்கல், நிவாரணத் தொகை, கைது. ஒரு வாரத்தில் மறந்தும் விடுகிறோம்.

வெடிக்காத நாட்களில் அந்த மருந்து உடலை என்ன செய்கிறது?

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர் அவற்றில் ஒன்று. 150 எம்பிபிஎஸ் இடங்கள். நம் வீடுகளில் இதை நீட் மதிப்பெண் கணக்காகவே பார்த்தோம். பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்ற கவலை பெற்றோருக்கு இயல்பானதுதான். ஆனால் அந்தக் கல்லூரி எந்த மண்ணில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தீக்காயம் பட்டவர் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போவார். மூச்சிரைப்பு, ஓயாத இருமல், கைகால் தளர்ச்சி என்று வருபவர் உட்காருவது பொது மருத்துவத் துறையின் வாசலில். கந்தகத் தூசு மூச்சுக்குழாயை உறுத்தும். நீரில் கரையும் பேரியம் உப்பு உடலுக்குள் போனால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும், தசை தளரும், இதயத்துடிப்பு தடுமாறும். பட்டாசில் பேரியத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் அதைக் கையால் அள்ளியவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். இருமலோடு வரும் பெண்ணுக்கு முதலில் காசநோய்ச் சோதனை செய்வது சரி. கிருமி இல்லை என்று முடிவு வந்தால் அடுத்த கேள்வி என்ன?

இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-இலேயே தொழிலாளர் நோய்கள் பற்றி நூல் எழுதி, நோயாளியிடம் 'என்ன வேலை செய்கிறாய்' என்று கேட்கச் சொன்னார்.

அப்படிக் கேட்பதற்கான வழி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எம்பிபிஎஸ் மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக்காலம் முழுவதும் அவர்களின் உடல்நலத்தைக் கவனிக்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துப் பட்டாசுக் குடும்பங்களை இப்படித் தொடர்ந்து கவனித்தால், வேறெந்த ஊர்க் கல்லூரிக்கும் எளிதில் கிடைக்காத ஆய்வுச் செல்வம் சேரும். எம்.டி. படிப்பவருக்கு ஆய்வேடு கட்டாயம். அவருக்குத் தலைப்பு தேடும் சிரமம்கூட இருக்காது.

இதில் தொழிலாளியின் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. இழப்பீட்டுச் சட்டம் தொழில்சார் நோய்களுக்கும் பொருந்தும். ஆனால் நோய் தொழிலால் வந்தது என்று காட்ட மருத்துவப் பதிவு வேண்டும். எந்த அறையில், எந்தக் கலவையில், எத்தனை ஆண்டு என்பது கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். அங்கே 'கூலி வேலை' என்று மட்டும் எழுதியிருந்தால், பின்னாளில் அந்தக் குடும்பம் எந்தக் காகிதத்தைக் காட்டி இழப்பீடு கேட்கும்?