பிறந்தநாள் சாப்பாடு கொடுக்கும் முன்…

பிறந்தநாளா, கல்யாண நாளா, அப்பாவின் நினைவு நாளா? திருப்பூர்ப் பக்கம் எது வந்தாலும், ‘இல்லத்துல ஒரு வேளை சாப்பாடு குடுத்துடலாம்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. டிசம்பர் பிறந்தால் கேக்கும் வரும், எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மிஞ்சிய பனியன்களும் மூட்டையாக வரும். நல்ல பழக்கம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், சாப்பாட்டோடு சில கேள்விகளையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை.

2022 அக்டோபரில் நடந்தது நம் ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. திருமுருகன்பூண்டியில் இருந்த ஸ்ரீ விவேகானந்தா சேவாலயத்தில் சாப்பிட்ட சிறுவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டது. மூன்று சிறுவர்கள் இறந்துபோனார்கள். இன்னும் பல பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமைச்சர் கீதா ஜீவன் நேரில் வந்து பார்த்தார். நிர்வாகத்தின் மெத்தனத்தைக் கண்டித்தார். காப்பகம் மூடப்பட்டது.

அது கிறிஸ்தவ இல்லம் இல்லை. ஆனால், கவனக்குறைவுக்கு மதம் ஏது? 2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு கிறிஸ்தவ விடுதியில் இரவில் ஆள் புகுந்து, இரண்டு சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். பிள்ளைகள் தங்கும் இடத்தில் ராத்திரி காவல் எப்படி இருந்தது என்று தமிழ்நாடே கேட்டது. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்த அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இன்றைக்குக் கிறிஸ்தவ இல்லங்களைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கும் பணியில் திருச்சபைகளுக்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1901-ல் எமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுக்க ஆரம்பித்தார். 1951-ல் இறக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. நூறு பேரை ஒரே கூடத்தில் அடைக்காமல், சின்னச் சின்ன வீடுகளில், ஒவ்வொரு வீட்டையும் ஒரு அக்கா பார்த்துக்கொள்ளும்படி பிள்ளைகளை வளர்த்தார்கள். காசு கேட்டு யார் முன்னாலும் கை நீட்டுவதில்லை என்பதையும் கொள்கையாக வைத்திருந்தார்கள்.

இந்தப் பாரம்பரியத்தால் ஒரு சிக்கலும் உண்டு. போதகர் நடத்துகிறார், பாஸ்டரம்மா பார்த்துக்கொள்கிறார் என்றாலே நாம் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. கேட்டால் ஊழியத்தைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமோ என்று கூச்சம். சாமியார் நடத்தினாலும், சமூக சேவகர் நடத்தினாலும் இதே கதைதான். பாசம் பிள்ளைக்குக் கட்டாயம் தேவை. ஆனால், ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால், பாசத்தோடு ஒரு வண்டியும், விழித்திருக்கும் ஒரு ஆளும் வேண்டும்.

முதல் கேள்வி: பதிவு இருக்கிறதா?

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒவ்வொரு இல்லமும் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அரசுப் பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இது பொருந்தும். பதிவு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவு இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. தமிழ்நாட்டு இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது பற்றி 2007-ல் தொடங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பு சொன்னபோது, நாடு முழுக்க இல்லங்களின் பதிவை முடிக்கச் சொல்லிக் கெடு வைத்தது.

டிரஸ்ட் பதிவுப் பத்திரம் வேறு, இது வேறு. 80ஜி ரசீது கொடுப்பதால் மட்டும் இல்லம் பதிவானதாக ஆகிவிடாது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முறையாக நடத்துகிறவர்கள் மகிழ்ச்சியாகவே எடுத்துக் காட்டுவார்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம்.

இரண்டாவது: பிள்ளை எப்படி வந்தது?

நம் ஊருக்கு இது முக்கியமான கேள்வி. இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் தாய் தகப்பன் இல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பிழைக்க வந்து, காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வரும் தனித்தாய், பிள்ளையை யாரிடம் விடுவார்? ‘நாங்க பாத்துக்கறோம், சாப்பாடு, படிப்பு எல்லாம் ஃப்ரீ’ என்று ஒருவர் சொன்னால், அது அவருக்கு வரம்.

ஆனால், வாய்வார்த்தையில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். எங்கே இருப்பது என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும். அம்மாவிடம் திரும்பிப்போக வழி இருக்கிறதா என்பதும் அதில் இருக்க வேண்டும். இல்லம் என்பது கடைசி வழி என்றுதான் சட்டமே சொல்கிறது.

அந்தத் தாய்க்கு வேறு வழியும் இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவனை இழந்த, கைவிடப்பட்ட பெண்களின் பிள்ளைகள் வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் உதவி கிடைக்கும். வருமான வரம்பு உண்டு. இதற்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைத்தான் அணுக வேண்டும். உங்கள் லைனில் வேலை செய்யும் ஒரு அக்காவுக்கு இதைச் சொன்னால், அதுவும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமமான தர்மம்தான்.

மூன்றாவது: கண்ணால் பாருங்கள்

சட்டத்தின்கீழ் வந்த 2016-ம் ஆண்டு மாதிரி விதிகள் அளவு சொல்கின்றன. 25 பிள்ளைகளுக்கு 1,000 சதுர அடி படுக்கைக்கூடம். 50 பிள்ளைகளுக்கு எட்டு கழிவறை, ஐந்து குளியலறை. உடம்பு சரியில்லாத பிள்ளைக்குத் தனி அறை. 100 பிள்ளைகளுக்கு நான்கு இல்லத்தாய் அல்லது இல்லத்தந்தை. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி இல்லம்.

டேப் எடுத்து அளக்க வேண்டாம். தண்ணீர் டேங்க் மூடியிருக்கிறதா? சமையல்கட்டில் அரிசி மூட்டை தரையிலா, பலகையிலா? ராத்திரி பிள்ளைகளோடு தங்குவது யார்? வாடகைக் கட்டடமாக இருந்தாலும், இரண்டே அறையாக இருந்தாலும், இதெல்லாம் தெரிந்துவிடும். சுவரில் புகார்ப் பெட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். விதிப்படி அதன் சாவி இல்லத்துக்காரரிடம் இருக்கக் கூடாது. வெளி அதிகாரி ஒருவரிடம் இருக்க வேண்டும். பிள்ளை யாரைப் பற்றி எழுதுமோ, அவரே பெட்டியைத் திறந்தால் பெட்டி எதற்கு?

நாம் கொண்டுபோகும் உணவுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். காலையில் சமைத்த பிரியாணி மதியம் இரண்டு மணி வரை அண்டாவில் மூடியிருந்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் சமைக்கும் எல்லாருக்கும் தெரியும். ‘வெளிச்சாப்பாடு வேண்டாம், மளிகையாகக் கொடுங்கள்’ என்று ஒரு இல்லம் சொன்னால் கோபப்படாதீர்கள். அங்கே யாரோ பொறுப்பாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான்காவது: செல்போனை உள்ளே வையுங்கள்

கேக் ஊட்டும் படத்தை ஸ்டேட்டஸில் போடுகிறோம். இந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டும் படத்தையோ பெயரையோ வெளியிடுவதைச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள். ‘நீ ஹோம் பையனாடா?’ என்று பள்ளியில் கேட்பதற்கு நம் ஸ்டேட்டஸ் காரணமாகலாமா? நன்கொடைக் கடிதத்தில் பிள்ளையின் முகத்தையும் சோகக் கதையையும் அச்சடிக்கும் இல்லங்களுக்கும் இதே கேள்விதான்.

ஐந்தாவது: ஜெபமும் பிள்ளையின் மனசும்

கிறிஸ்தவ இல்லத்தில் ஜெபம் இருக்கும், பாட்டு இருக்கும். அதில் தவறில்லை. ஆனால், அங்கே வேறு மதத்துப் பிள்ளையும் இருக்கலாம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிலையத்தில், பாதுகாவலர் சம்மதமில்லாமல் சிறுவரை மதபோதனையில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு. அந்த நியாயம் இல்லத்துக்கும் பொருந்தட்டும். ‘ஜெபத்துக்கு வரலைன்னா டிபன் இல்லை’ என்று சொல்லும் இடத்தில், பிள்ளை பக்தியைக் கற்றுக்கொள்ளாது, பயத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. பதினெட்டு வயது முடிந்ததும் பிள்ளை இல்லத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். அன்றைக்கு அவன் கையில் என்ன இருக்கும்? ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஒரு தொழில் இதெல்லாம் இருந்தால் பிழைத்துக்கொள்வான். இல்லையென்றால் ஏதாவது ஒரு கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, லைன் வீட்டில் யாரோடோ தங்கி, யாரும் தேடாத ஆளாகிவிடுவான். 21 வயது வரை பின்பராமரிப்பு தரச் சட்டத்தில் வழி இருக்கிறது. ‘இங்கிருந்து போன பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள்?’ என்று இல்லத்தில் கேளுங்கள். நிர்வாகி யோசிக்காமல் நாலு பேரின் பெயரையும் வேலையையும் சொல்லி, போன தீபாவளிக்கு வந்துபோன கதையையும் சொன்னால், அங்கே தைரியமாக உதவுங்கள்.

தப்பாக ஏதாவது கண்ணில் பட்டால் 1098-க்கு அழையுங்கள். குழந்தைகள் உதவி எண் அது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அடுத்த பிறந்தநாளுக்குச் சாப்பாடு மட்டும் கொடுத்து வராமல், பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து இந்தக் கேள்விகளையும் கேட்டுவிட்டு வாருங்கள்.