செவிக்கு வழிகாட்டும் எழுத்து

கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். கற்றறிந்தாரிடம் கேட்டுத் தெளிதலே அவர் கருதிய கேள்வி. எனினும், செவியையும் பயிற்றுதல் வேண்டும் என்னும் குறிப்பு அதனுள் பொதிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இக்காலத்தே பாட்டுக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியைத் தொட்டால் உலகின் எம்மூலையிலிருந்தும் இசை வந்து பொழிகிறது. அதனை எவ்வாறு கேட்பது எனச் சொல்லித் தருவாரைத்தான் தேட வேண்டியுள்ளது.

கல்வராயன் மலையிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "ஐயா, ஜாஸ் என்று ஓர் இசையைப் பத்து நாளாகக் கேட்கிறேன். ஒரே இரைச்சலாகத் தெரிகிறது. இதில் என்ன இருக்கிறதென்று இத்தனை பேர் போற்றுகிறார்கள்?" என்று வினவினார். இன்னும் கேள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நானோ அவரைப் படிக்கச் சொன்னேன்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தே உருப்பெற்றது ஜாஸ். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களே அதனை ஆக்கியவர்கள். ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, கலைஞர் ஒவ்வொருவரும் முறை வைத்து, அந்நேரத்தில் தோன்றியவாறு அதனை வளர்த்துச் செல்வர். நம் வித்துவான்கள் மனோதர்மம் என்பார்களே, அதற்கு நெருங்கிய உறவு இது. இவ்வளவைப் படித்த பின்னர் மீண்டும் கேட்ட அம்மாணவர், "இப்போது மெட்டு எங்கே மறைகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று பிடிபடுகிறது ஐயா" என்றார். இரைச்சல் இசையானது. நல்ல எழுத்தின் முதற் பயன் இதுவே.

அதன் இரண்டாம் பயன் இன்னும் பெரிது. ஜாஸின் முன்னோடியெனப் போற்றப்படுபவர் பட்டி போல்டன். அவர் ஊதிய கார்னெட்டின் ஒலி இன்று எந்த இசைத்தட்டிலும் இல்லை. 1907இல் மனநல விடுதியில் சேர்க்கப்பட்ட அவர், 1931இல் அங்கேயே மறைந்தார். அவரைக் கேட்ட முதியோரை அணுகி, அவர்தம் நினைவுகளைத் தொகுத்து 1939இல் 'ஜாஸ்மென்' என்னும் நூல் வெளிவந்தது. அவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார், இதழ் நடத்தினார் என்றெல்லாம் வழங்கி வந்த கதைகளை டொனால்ட் மார்க்விஸ் என்பார் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, 1978இல் வெளியிட்ட நூலில் மறுத்தார். ஒலி மறைந்தது, மனிதர் மறையவில்லை. முதலில் எழுதியவர் காத்தார். பின்னர் எழுதியவர் திருத்தினார்.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானி தொகுத்த 'கிதாபுல் அகானி' இல்லையேல், பண்டை அரபுப் பாடகர் பலரை நாம் அறிய மாட்டோம். வழக்கொழிந்த நம் யாழின் இலக்கணத்தைச் சிலப்பதிகார வரிகளினின்று ஆராய்ந்து, 1947இல் 'யாழ் நூல்' தந்தார் ஈழத்து விபுலானந்த அடிகள். ஜாஸின் முதல் இசைத்தட்டு வெளிவந்த அதே 1917இல்தான் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது.

ஆயினும் இசை பற்றிய எழுத்தெல்லாம் நல்லெழுத்து ஆகிவிடாது. 'அருமை', 'அற்புதம்' என்று அடுக்குவது எழுத்தன்று, அது கைத்தட்டல். எழுதியவர் காதாரக் கேட்டிருத்தல் வேண்டும். கலைஞரின் வாழ்வையும் அவர் பிறந்த மண்ணையும் அறிந்திருத்தல் வேண்டும். படித்து முடித்தவுடன் அவ்விசையைத் தேடி நம்மை ஓடச் செய்தல் வேண்டும். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் கல்கி எழுதிய இசை விமர்சனங்கள் அத்தகையன. ஜாஸில் அதற்கு ஈடாக இரு நூல்களைப் பரிந்துரைப்பேன். ஒன்று, அமீரி பராக்கா 1963இல் லீராய் ஜோன்ஸ் என்னும் பெயரில் எழுதிய 'புளூஸ் பீப்பிள்'. ஓர் இனத்தின் வரலாற்றை அதன் இசை வழியே சொல்வது. மற்றொன்று, நரேஷ் ஃபெர்னாண்டஸ் 2012இல் எழுதிய 'தாஜ்மஹால் ஃபாக்ஸ்டிராட்'; 1930களில் பம்பாய்க்கு வந்த ஜாஸ், கோவாக் கலைஞர்கள் வழியே இந்தித் திரையிசையில் கலந்த கதை.

"மேனாட்டு இசை நமக்கெதற்கு?" எனப் பெரியோர் வினவலாம். சார்லி மரியானோ என்னும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் நம் நாகசுரத்தைக் கற்று வாசித்தார். விக்கு விநாயகராமின் கடம், 1970களில் ஜான் மெக்லாக்லினின் 'சக்தி' குழுவோடு உலக மேடைகளில் ஒலித்தது. அவர்கள் நம்மைக் கேட்டார்கள். நாம் அவர்களைக் கேட்பதில் இழுக்கென்ன? இசை பற்றி நம்மவரிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை அறிவேன். நான் வேண்டுவது மனிதர்தம் வாழ்வைப் பதிந்து வைக்கும் எழுத்தினை. அதில் வேறுபாட்டுக்கு இடமில்லை என்பது என் துணிபு.

இனி அம்மாணவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். போல்டனின் கதையைப் படித்தவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "எங்கள் ஆயா நடவுக்குப் பாடுவார், சாவுக்குப் பாடுவார். அவரை இதுவரை யாரும் வந்து கேட்டதில்லையே ஐயா" என்றார். என்னிடம் விடையில்லை. வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நாள்தோறும் பேருந்து ஓடுகிறது. ஆண்டுதோறும் மலையிலிருந்து மாணவர்கள் இறங்கி வருகின்றனர். ஆனால் ஓர் ஏட்டோடு நாம் ஏறிச் சென்றதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் துறையில் ஒரு கையேடு தொடங்குவோம். அதன் இடப்பக்கத்தில், தாம் படித்த நல்ல இசையெழுத்து ஒன்றைப் பற்றி, அஃது ஏன் நல்லது என்னும் காரணத்தோடு மாணவர் எழுதட்டும். வலப்பக்கத்தில், தம் ஊரில் கேட்ட ஒரு பாட்டைப் பாடியவரின் இசைவோடும் பெயரோடும் எழுதட்டும். மலைப் பாட்டு, வயற்பாட்டு, நம் இல்லங்களில் பாட்டிமார் பாடும் தாலாட்டு, முனாஜாத்து என எதுவும் ஆகலாம். இடப்பக்கம் எழுதக் கற்பிக்கும். வலப்பக்கம் நம் கடனைத் தீர்க்கும்.

முதல் பக்கத்தை அம்மாணவருக்கு ஒதுக்கியுள்ளேன். அவர்தம் ஆயா இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்.