வீட்டுப் பாகுக்கும் தரக் குறியீடு வேண்டும்

"வீட்ல காய்ச்சினதுதானேம்மா, ஒன்னும் செய்யாது" என்றபடி அப்பா இரண்டாவது கிளாஸ் எலுமிச்சை ஜூஸைக் கலந்துகொண்டிருந்தார். அவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்து ஆறு மாதம் ஆகிறது. அந்தச் சீனிப்பாகைக் காய்ச்சியது நான்தான்.

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் ‘சி’, ‘டி’ தரப் பாக்கெட், போத்தல் பானங்களில் நியூட்ரி-கிரேட் குறியீடு கட்டாயம். அடுத்த ஆண்டு பபிள் டீ போன்ற, கடையில் உடனுக்குடன் கலக்கும் பானங்களுக்கும் அது வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் ‘டி’. அப்பா அந்த எழுத்தைப் பார்த்தாலே போத்தலைத் திரும்ப வைத்துவிடுவார். அதனால்தான் நான் வீட்டில் காய்ச்சத் தொடங்கினேன்.

இருநூறு கிராம் சீனி, அதே அளவு தண்ணீர், முடிச்சுப் போட்ட இரண்டு பாண்டான் இலை. சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஆறவைத்து, ஐஸ்பெட்டியில் வைத்தால் போதும். பாட்டி குலோப் ஜாமூனுக்குப் பார்க்கும் பிசுபிசுப்புப் பதம் இதற்குத் தேவையில்லை. ஐஸ் போட்ட பானத்தில் சீனியைக் கொட்டினால் அடியில் தங்கும். பாகு சட்டென்று கலந்துவிடும். சிக்கலே அங்கேதான். கரையாத சீனி கண்ணுக்குத் தெரியும், பாகு தெரியாது.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மேசைக்கரண்டிப் பாகில் சுமார் 9 கிராம் சீனி இருக்கிறது. அப்பா 250 மில்லி கிளாஸில் ஊற்றுவது மூன்று கரண்டி, அதாவது 27 கிராம். கடையில் விற்றால் அதுவும் ‘டி’தான்! குலா மலாக்காவில் காய்ச்சினால் பரவாயில்லை என்று சொல்லும் உறவினர்களும் இருக்கிறார்கள். வாசம் அருமைதான், ஆனால் அதுவும் பெரும்பாலும் சர்க்கரையே.

காய்ச்சுவதை நிறுத்தச் சொல்லவில்லை. போத்தல் பானத்தில் சீனியை நம்மால் குறைக்க முடியாது, வீட்டில் முடியும். ஆனால் அளந்தால்தான் முடியும். ‘வீட்டில் செய்தது’ என்ற சொல்லை நம் குடும்பங்கள் மருந்துச்சீட்டைப்போல நம்புவதுதான் எனக்கு உறுத்துகிறது.

இப்போது பாகுப் போத்தலோடு ஒரு மேசைக்கரண்டியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன். கிளாஸுக்கு ஒரு கரண்டி என்றால் ‘பி’. "தண்ணி மாதிரி இருக்கு" என்கிறார் அம்மா. அப்பா அசாம் போய் இரண்டைப் போட்டுச் சமாளிக்கிறார். நேற்று, "இன்னும் அரைக் கரண்டி மட்டும்" என்று பேரம் பேசினார். ஒன்றரைக் கரண்டி ‘சி’ ஆகிவிடும். நான் கொடுக்கவில்லை.