மே மாதம் சம்பளம் இல்லாத சாரும் மலையேறாத கோடை முகாமும்

ஏப்ரல் கடைசியில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஆண்டுதோறும் ஒரு சின்னச் செய்தி வரும். 'கோடைகால விளையாட்டுப் பயிற்சி முகாம்: மாணவ, மாணவியர் பங்கேற்கலாம்' என்று தலைப்பு. தடகளம், கபடி, கையுந்துப்பந்து, கால்பந்து என்று ஒரு பட்டியல். காலையும் மாலையும் பயிற்சி, முடிவில் சான்றிதழ். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் எல்லா மாவட்டங்களிலும் நடத்தும் முகாம் இது. 2025இல் ஏப்ரல் 25 முதல் மே 15 வரை 21 நாட்கள் நடந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரலாம். அந்த ஆண்டு கட்டணம் சென்னையில் 500 ரூபாயாகவும் மற்ற மாவட்டங்களில் 200 ரூபாயாகவும் இருந்தது.

அந்தச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனேன். முனைவர் பட்ட ஆய்வுக்காக இரண்டு ஆண்டுகளாக ஏறி இறங்கும் மலை அது. அங்கே ஒன்பதாம் வகுப்பு முடித்த ஒரு பெண் இருக்கிறாள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிறாள், நன்றாக ஓடுவாள். செய்தியை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, காலையில ஆறு மணிக்கே ஆரம்பம்னு போட்டிருக்கு. எங்க ஊருக்கு மொத பஸ்ஸே ஆறு மணிக்கு மேலதான வரும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 'நீ வரக்கூடாது' என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் கள்ளக்குறிச்சியில் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் முகாமுக்கு, கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டிய ஒரு பிள்ளை எப்படிப் போய்ச் சேருவாள்? மாலைப் பயிற்சி முடிந்து எந்தப் பேருந்தில் திரும்புவாள்? இந்தக் கேள்வி அறிவிப்பை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் மனதில் இருந்த 'மாணவி' நகரத்தில், மைதானத்துக்குப் பக்கத்தில், இருசக்கர வாகனத்தில் கொண்டுபோய் விட ஓர் அப்பா உள்ள வீட்டில் இருக்கிறாள்.

சின்ன விஷயம்தானே, ஒரு விளையாட்டு முகாம்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டுப் பிரிவு இருக்கிறது. ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் சேர்ந்தால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு பொறுப்பு. அந்த விடுதிகளுக்கான தேர்வுப் போட்டிகளும் பெரும்பாலும் இதே கோடையில்தான் நடக்கின்றன. ஒரு பிள்ளையைப் பயிற்சியாளரின் கண் முதன்முதலில் பார்க்கும் இடம் இந்த முகாம்தான். வேலைவாய்ப்பு வரை போகும் நீண்ட வரிசை இங்கே தொடங்குகிறது. இந்த முதல் படியிலேயே மலைப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் இல்லையென்றால், கடைசிப் படியில் அவர்களைத் தேடிப் பயனில்லை. அப்போது 'தகுதியானவர்கள் கிடைக்கவில்லை' என்று சொல்லிவிடுவார்கள். இந்த வாக்கியம் நமக்குப் பழக்கமானதுதானே?

கல்வராயன் மலையின் கதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். நாடு விடுதலையடைந்த பிறகும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவர்கள் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தார்கள். ஜாகீர் முறை இங்கே ஒழிக்கப்பட்டது 1976இல்தான். உழுத நிலத்துக்குப் பட்டா கேட்டு இன்றும் அலைகிறார்கள். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, இனி தலைநகரம் கிட்டே வந்துவிட்டது என்று மலையில் சொன்னார்கள். தூரம் குறைந்தது உண்மை. ஆனால் மலையைத் தேடி யாரும் வரவில்லை.

2024 ஜூனில் வந்தார்கள். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள், அன்றாடக் கூலிகள். அதன் பிறகு கல்வராயன் மலை என்றாலே 'சாராய மலை' என்று ஊடகங்கள் எழுதின. மலையேறி வந்தது காவல்துறை. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மலைவாழ் மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி எல்லாம் அந்த வழக்கில் பேசப்பட்டன. நல்லதுதான். ஆனால் அந்த ஓராண்டில் மலைப் பிள்ளைகள் சுமந்த பெயரைப் பற்றி யாரும் பேசவில்லை. கீழே ஒரு போட்டிக்குப் போன பையனிடம் எதிரணிக்காரன் "சாராயம் கொண்டு வந்தியாடா?" என்று கேட்டிருக்கிறான். அந்தப் பையனே சிரித்துக்கொண்டு என்னிடம் இதைச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே மாதத்தில் மலைப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். உறைவிடப் பள்ளி மூடிவிடும். அதோடு மூன்று வேளைச் சாப்பாடும் நின்றுவிடும். பெற்றோர் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் தோட்ட வேலைக்குப் போயிருப்பார்கள். சில பிள்ளைகள் அவர்களோடு போய்விடும், சில பிள்ளைகள் பாட்டி வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும். கீழே சேரிகளிலும் இதே கதைதான். நான் எட்டாவது படித்தபோது கோடை விடுமுறையை அம்மாவோடு கரும்புக் கட்டுத் தூக்கிக் கழித்தேன். பள்ளியில் கோ கோ அணியில் இருந்தேன். விடுமுறை முடிந்து போனபோது கால் வேகமாகத்தான் இருந்தது, ஆனால் கை முழுக்கக் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். 'சம்மர் கேம்ப்' என்ற சொல்லையே கல்லூரிக்கு வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன்.

அடுத்து, பிள்ளைகளைப் பயிற்றுவிக்க வேண்டிய ஆசிரியர்களின் நிலைக்கு வருகிறேன்.

மலையடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாட்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2025இல், அது 12,500 ரூபாயாக இருந்தது. பணி நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் 181ஆவது வாக்குறுதியாக திமுக சொன்னது. அதைக் கேட்டு இவர்கள் சென்னையில் எத்தனையோ முறை போராடிவிட்டார்கள், கைதாகி மண்டபங்களில் இருந்துவிட்டார்கள். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. 2025இல் மே மாதத்துக்கு இவர்களுக்குச் சம்பளமே கிடைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். எந்த மாதத்தில் அரசு விளையாட்டு முகாம் நடத்துகிறதோ, அதே மாதத்தில் அரசுப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் பட்டினி. நான் சொன்ன அந்த சார் மே மாதத்தில் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார். "முகாமுக்குப் புள்ளைங்கள அனுப்புங்க சார்னு வாட்ஸப்ல மெசேஜ் வரும்மா. நான் சாரத்து மேல நின்னுக்கிட்டு அதைப் படிப்பேன்" என்றார். எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் தாண்டுவான், எவள் வீட்டில் என்ன பிரச்சினை என்று அறிந்த ஒரே ஆள் அவர். அவரை வெளியே நிறுத்திவிட்டு நடத்தப்படும் முகாம் யாருக்குப் போய்ச் சேரும்?

கல்லூரிகளிலும் இதே நிலைதான். 2025இல் அரசு கலைக் கல்லூரிகளில் 7,000க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் மாதம் 25,000 ரூபாய்க்கு, ஆண்டுக்கு 11 மாதம் வேலை செய்தார்கள். அவர்களுக்கும் மே மாதம் சம்பளம் இல்லை. என்னோடு படித்தவர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்ற தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் வேலை இந்த வடிவத்தில்தான் வருகிறது: பெயரில் கௌரவம், கோடையில் பட்டினி.

கல்லூரி என்றதும் வேறொரு நாட்டின் உதாரணம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகள் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் முதல் அரசுக் கல்லூரி தொடங்கியது. இன்று ஆயிரம் அளவில் இருக்கின்றன. இரண்டாண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், வடிகட்டாத சேர்க்கை. கறுப்பின, லத்தீன் அமெரிக்க, ஏழை வீட்டுப் பிள்ளைகள் பெருமளவில் படிக்கும் இடம். கோடை வந்தால் இவற்றில் பல கல்லூரிகள் சுற்றுவட்டாரச் சிறுவர்களுக்குத் தம் மைதானத்தைத் திறந்து முகாம் நடத்துகின்றன. கல்லூரியின் பயிற்சியாளரும் அணி வீரர்களுமே சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கேயும் கட்டணம் உண்டு, வர முடியாதவர்களும் உண்டு. ஆனால் கல்லூரி என்பது தன்னைச் சுற்றியுள்ள மக்களுக்குக் கடன்பட்டது என்ற எண்ணம் அங்கே இருக்கிறது.

நம்மிடமும் சமுதாயக் கல்லூரி வந்தது. புதுவைப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 2013இல் நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் அறிவித்தது. இங்கே அது குறுகியகாலத் தொழிற்சான்றிதழ் படிப்பாகச் சுருங்கிவிட்டது. 'சமுதாயம்' என்ற சொல் பெயரில் இருக்கிறது. பக்கத்துச் சேரிப் பையன் சுவரேறிக் குதித்துத்தான் கல்லூரி மைதானத்தில் விளையாடுகிறான், காவலாளி விரட்டுகிறார்.

'விளையாட்டிலுமா சாதியைக் கொண்டு வருகிறீர்கள்?' என்று கேட்பவர்கள் வருவார்கள். கொண்டு வந்தவர்கள் நாம் இல்லை. எங்கள் ஊரில் இரண்டு கிரிக்கெட் அணிகள். ஒன்று 'ஊர் டீம்', இன்னொன்று 'காலனி டீம்'. என் அண்ணன் காலனி டீமின் பந்துவீச்சாளர். திருவிழாப் போட்டிக்கு இவர்கள் பெயர் கொடுக்கப் போனால், நுழைவு முடிந்துவிட்டது என்று ஒவ்வொரு ஆண்டும் சொல்வார்கள். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தங்கள் பையனின் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். 2021 ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்றபோது, வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள். நூறாண்டுகளுக்கு முன்பு பல்வங்கர் பாலூ இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் எடுத்தார். ஆனால் புனேயில் அவருக்குத் தனிக் குவளையில் தேநீர் கொடுத்தார்கள், அணித் தலைமையைக் கடைசிவரை கொடுக்கவில்லை.

ஆக, நம் பிள்ளைகள் திறமையில்லாமல் மைதானத்துக்கு வெளியே நிற்கவில்லை. ஜெயித்தால் வெட்டுகிறார்கள், தோற்றால் பட்டாசு வெடிக்கிறார்கள். வெவ்வேறு சாதிப் பிள்ளைகள் ஒரே அணியில், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்து 21 நாள் விளையாடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அதனால்தான் நமக்குத் தெரிகிறது. கபடியில் எதிராளியைத் தொடாமல் பாடிப்போக முடியாது. தீண்டாமையை உடைக்க அரசு கையில் உள்ள மலிவான கருவிகளில் ஒன்று இந்த முகாம். அதை மாவட்டத் தலைநகரோடு நிறுத்திக்கொள்வது வீண்.

என் கோரிக்கைகள் எளியவை. முகாம் மலையேற வேண்டும்: வெள்ளிமலையில் ஒன்று, கரியாலூரில் ஒன்று. கோடையில் மூடிக்கிடக்கும் உறைவிடப் பள்ளிகளை 21 நாள் திறந்தால் தங்குமிடமும் சாப்பாடும் அங்கேயே உண்டு. பழங்குடி, தலித் பிள்ளைகளுக்கு 200 ரூபாய் கட்டணம் வேண்டாம். பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்சியாளர்களாக்கி மே மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுங்கள். அரசுக் கல்லூரி மைதானங்களைப் பக்கத்து ஊர், சேரிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். பணம் எங்கே என்று கேட்டால், ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்காக 2024இல் தமிழ்நாட்டு அரசு ஒரு சட்டமே போட்டிருக்கிறது. அந்த நிதியில் இதற்கு இடமில்லை என்றால் வேறு எதற்கு இருக்கிறது?

இதை வாசிக்கும் தோழர்களிடமும் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. இந்த ஆண்டு முகாமில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எத்தனை பேர், எந்தெந்த ஒன்றியத்திலிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள். வரும் பதிலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அடுத்த ஏப்ரலுக்கு முன் இந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

மலையிலிருந்து திரும்பும்போது அந்தப் பெண் பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தாள். அறிவிப்பை மடித்து வைத்துக்கொண்டாள். "அடுத்த வருசம் பத்தாவது முடிச்சிடுவேன், அப்பவும் வயசு இருக்குல்லக்கா?" என்று கேட்டாள். 18 வயது வரை இருக்கிறது என்றேன். அவளுக்கு இன்னும் மூன்று கோடைகள் இருக்கின்றன.